மின்சார சைக்கிளுக்குப் புது த்ராட்டில்: ஒயர் இணைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிற மோட்டார்) கிட் பூட்டிய சைக்கிள், பதிவெண் தேவைப்படாத சின்ன இ-பைக் இரண்டிலும் அடிக்கடி கெட்டுப்போகிற உறுப்பு த்ராட்டில், அதாவது கையால் வேகம் கொடுக்கிற பிடி. வண்டி கீழே விழுந்தால் முதலில் அடி வாங்குவது அதுதான். மழையில் நனைவதும் அதுதான். புதிதாக ஒன்று வாங்கிவந்து பார்த்தால் பழைய ஒயர் நிறம் ஒன்று, புதிய ஒயர் நிறம் வேறொன்று. அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காக எழுதியது இது. கையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். சாதாரண மீட்டரே போதும்.

கெட்டது த்ராட்டில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பின் சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். மோட்டார் முன் சக்கரத்தில் இருந்தால் முன்பக்கத்தைத் தூக்குங்கள். இந்தப் பக்கத்தில் எங்கே "சோதித்துப் பாருங்கள்" என்று வந்தாலும் சக்கரம் காற்றில் இருக்கிறது என்றே பொருள்.

த்ராட்டில் கனெக்டரைக் கழற்ற வேண்டாம். மாட்டியபடியே, ஒயர் உள்ளே போகிற பின்பக்கத் துளை வழியாக மீட்டர் முனையை நுழையுங்கள். முனை தடியாக இருந்தால் ஒரு குண்டூசியை நுழைத்து அதில் மீட்டரை வைக்கலாம். இரண்டு குண்டூசிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, அவ்வளவுதான். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, வண்டியை ஆன் செய்யுங்கள்.

சிவப்புக்கும் கருப்புக்கும் இடையில் 5 வோல்ட் வர வேண்டும். சில கன்ட்ரோலர்களில் (பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) உள்ளே ஒரு டயோடு இருப்பதால் 4.3 வாக்கில் காட்டும், அதுவும் சரிதான். அடுத்து, மூன்றாவது ஒயருக்கும் கருப்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். கை வைக்காதபோது 0.8 முதல் 0.9 வோல்ட். மெதுவாக முறுக்கினால் எண் சீராக ஏறி, முழுக்க முறுக்கும்போது 3.6 முதல் 4.2 வோல்ட் வரை போகும். விட்டதும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

இவை எல்லாம் சரியாக வந்தும் வண்டி நகரவில்லையா? த்ராட்டிலில் குற்றமில்லை, வேறெங்கோ தேடுங்கள். 5 வோல்ட் வந்தும் மூன்றாவது ஒயரில் எண் அசையவில்லை, அல்லது பாதியில் குதிக்கிறது என்றால் த்ராட்டில்தான். 5 வோல்ட்டே வரவில்லை என்றால் புது த்ராட்டிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

அந்தக் கைப்பிடிக்குள் என்னதான் இருக்கிறது?

ஒரு காந்தமும் மிளகு அளவு கறுப்புச் சில் (சிப்) ஒன்றும். அந்தச் சில்தான் ஹால் சென்சார். மின்சாரம் ஓடுகிற உலோகத் தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் தகட்டின் குறுக்கே சிறு வோல்டேஜ் உண்டாகிறது என்று எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்தார். அதனால் அந்தப் பெயர். கைப்பிடியை முறுக்கும்போது காந்தம் சில்லைக் கடந்து நகர்கிறது, சில் தரும் வோல்டேஜ் ஏறுகிறது. கன்ட்ரோலர் அதைப் படித்து மோட்டாருக்கு எவ்வளவு சக்தி அனுப்பலாம் என்று முடிவு செய்கிறது.

ஆக, மோட்டாருக்குப் போகிற பெரிய மின்சாரம் த்ராட்டில் வழியாகப் போவதே இல்லை. இங்கே ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். தலைமயிர் மாதிரி மெல்லிய ஒயர் போட்டிருக்கிறார்களே என்று பயப்பட வேண்டாம். அந்தத் தடிமன் போதும்.

மூன்று ஒயரில் எது எது?

வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட் (மைனஸ்), மூன்றாவது சிக்னல். சிக்னல் பச்சையாக இருக்கலாம், வெள்ளையாக இருக்கலாம், நீலமாகவும் பார்த்திருக்கிறேன்.

வழக்கம் என்பதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறத்தை நம்பி இணைத்து வீணான த்ராட்டில்கள் ஏராளம். கனெக்டர் வடிவமும் அப்படித்தான். ஆண் பெண் இரண்டும் 'டக்'கென்று பூட்டிக்கொண்டதாலேயே உள்ளே இருக்கிற ஊசிகளின் (பின்) வரிசையும் ஒன்று என்று ஆகிவிடாது. இரண்டு வேறு தொழிற்சாலைகள் ஒரே கனெக்டரில் ஒயரை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள்.

நிறம் பொருந்தவே இல்லை. புது த்ராட்டிலின் ஒயர்களை எப்படி அடையாளம் காண்பது?

கன்ட்ரோலரில் மாட்டுவதற்கு முன்னால், மேஜையில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நான் எப்போதும் செய்கிற முறை இதுதான்.

ரிமோட்டில் இருக்கிற பென்சில் பேட்டரி மூன்று எடுத்து வரிசையாக இணையுங்கள். 4.5 வோல்ட் கிடைக்கும். பிளஸ் பக்கத்தில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். தவறாக இணைத்தாலும் சென்சார் கருகாமல் காப்பது அந்த ரெசிஸ்டர்தான், அதைத் தவிர்க்காதீர்கள்.

இப்போது ரெசிஸ்டர் முனையைச் சிவப்பிலும் பேட்டரி மைனஸைக் கருப்பிலும் வையுங்கள். மீட்டரை ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட் வாக்கில் காட்டினால் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது. 3 வோல்ட்டைத் தாண்டினால் பெரும்பாலும் தலைகீழாகக் கொடுத்திருக்கிறீர்கள், உடனே எடுத்துவிடுங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் அந்த இரண்டும் சரியான ஜோடி அல்ல, வேறு ஜோடியைப் பாருங்கள்.

ஜோடி கிடைத்துவிட்டது என்றால் மிச்சமிருக்கிற ஒயர்தான் சிக்னல். அதற்கும் மைனஸுக்கும் இடையில் மீட்டரை வைத்து முறுக்குங்கள். 1 வோல்ட்டுக்குக் கீழே தொடங்கி 3 வோல்ட் வாக்கில் போய் நிற்கும். கன்ட்ரோலரின் 5 வோல்ட்டைவிட இங்கே குறைவாகக் கொடுப்பதால் எண்ணும் அதற்கேற்பக் குறைகிறது. கண்டுபிடித்ததும் ஒவ்வொரு ஒயரிலும் காகித டேப் ஒட்டி எழுதி வைத்துவிடுங்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் சால்டரிங் சூடேறுவதற்குள் மறந்துபோகும்.

என் த்ராட்டிலில் ஐந்து ஒயர், ஆறு ஒயர் இருக்கிறதே?

கவனமாகப் படிக்க வேண்டிய கேள்வி இதுதான். கைப்பிடியில் பேட்டரி அளவு காட்டும் விளக்கோ சாவியோ சிவப்புப் பொத்தானோ இருந்தால் கூடுதல் ஒயர்கள் வரும். விளக்குக்குப் போகிற ஒயரில் இருப்பது முழு பேட்டரி வோல்டேஜ். 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஆனால் 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட். சாவி ஒயர்களிலும் அதே கதை. அதில் ஒன்று தெரியாமல் 5 வோல்ட் பக்கமோ சிக்னல் பக்கமோ பட்டுவிட்டால் ஒரே நொடியில் எல்லாம் முடிந்தது.

எனக்கு அது நடந்திருக்கிறது. அக்கா வீட்டுக்காரரின் சைக்கிளுக்கு விளக்கு வைத்த த்ராட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். புதியதில் இரண்டு சிவப்பு ஒயர்கள். ஒன்றில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. மாலை நேரம், திண்ணை விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கோடு கண்ணில் படவில்லை. பேட்டரியை மாட்டியதும் 'சிட்' என்று ஒரு சத்தம், பிறகு வெல்லம் தீய்ந்த மாதிரி ஒரு வாடை. கன்ட்ரோலரைத் திறந்தபோது 5 வோல்ட் கொடுக்கிற சிறு ரெகுலேட்டர் நடுவில் வெடித்திருந்தது. மறுநாள் காலை அவர் வேலைக்குப் பேருந்தில் போனார். அடுத்த பத்து நாளும் அப்படித்தான் போனார். அன்றிலிருந்து பகல் வெளிச்சம் இல்லாமல் இந்த வேலையில் கை வைப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: பழைய த்ராட்டில் இன்னும் வண்டியில் இருக்கும்போதே, மீட்டரை 200 வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஒயரையும் கிரவுண்டோடு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 5 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிற ஒயரைத் தனியாகப் பிரித்து, அதற்கு மட்டும் முதலில் டேப் சுற்றிவிடுங்கள். விளக்கு உங்களுக்கு அவசியமில்லை என்றால் அதை இணைக்காமலே விட்டுவிடலாம். வேகம் கொடுக்க மூன்று ஒயர் போதும்.

48 வோல்ட் வண்டியில் 36 வோல்ட் என்று எழுதிய த்ராட்டில் போடலாமா?

வெறும் மூன்று ஒயர் த்ராட்டில் என்றால் தாராளமாகப் போடலாம். அதற்குத் தெரிவது 5 வோல்ட் மட்டுமே. அந்த 36 என்ற எண் விளக்குக்கு உரியது. விளக்கையும் இணைத்தால் எப்போதும் 'ஃபுல்' என்றே காட்டும், நாளடைவில் எரிந்தும் போகலாம்.

5 வோல்ட்டே வரவில்லை. கன்ட்ரோலர் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். பல கன்ட்ரோலர்களில் ஒரே 5 வோல்ட் இணைப்புதான் த்ராட்டில், பெடல் சென்சார், மோட்டாருக்குள் இருக்கிற மூன்று ஹால் சென்சார்கள் எல்லாவற்றுக்கும் போகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று ஷார்ட் ஆனால் எல்லா இடத்திலும் வோல்டேஜ் விழுந்துவிடும்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு த்ராட்டில் கனெக்டரில் அளந்து பாருங்கள். 5 வோல்ட் திரும்பி வந்ததா? ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதில்தான் குற்றம். மோட்டார் ஒயர் அச்சு ஓரத்தில் நசுங்கியிருப்பதை அப்படிக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. சக்கரம் ஒருமுறை கழன்று சுழன்றிருந்தால் அந்த இடத்தை முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் வரவில்லை என்றால் கன்ட்ரோலர் பக்கம் வேலை இருக்கிறது.

கன்ட்ரோலர் நன்றாக இருக்கிறதா என்று புது த்ராட்டில் வாங்குவதற்கு முன்பே பார்க்க முடியுமா?

முடியும். 5 வோல்ட்டைச் சிக்னலில் நேரடியாகத் தொட்டுப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் சக்கரம் ஒரே மூச்சில் முழு வேகத்துக்குப் போகும். நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு பென்சில் பேட்டரி போதும். த்ராட்டிலைக் கழற்றிவிட்டு, வண்டியை ஆன் செய்யுங்கள். பேட்டரியின் மைனஸ் கன்ட்ரோலர் கிரவுண்டில், பிளஸ் சிக்னல் ஒயரில். கிடைப்பது 1.5 வோல்ட், அதாவது கொஞ்சமாக முறுக்கியது போல. சக்கரம் நிதானமாகச் சுற்றத் தொடங்கினால் கன்ட்ரோலரும் மோட்டாரும் நலம், த்ராட்டிலை நம்பி வாங்கலாம். பேட்டரியை வைத்துக்கொண்டு வண்டியை ஆன் செய்யாதீர்கள். ஆன் செய்யும்போதே சிக்னல் ஏறியிருந்தால் பல கன்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காக மோட்டாரை நிறுத்தி வைத்துவிடும்.

பழைய கனெக்டரை வெட்டி ஒயரை ஒட்டலாமா?

கனெக்டர் பொருந்தி, பின் வரிசையும் ஒன்றாக இருந்தால் வெட்டாதீர்கள். பொருந்தாதபோது பழைய த்ராட்டிலின் ஒயரை நடுவில் வெட்டி, கன்ட்ரோலர் பக்கத்துக் கனெக்டரோடு இருக்கிற துண்டைப் புதிய த்ராட்டிலோடு சேர்ப்பது நல்ல வழி. பழையதும் தேவைப்பட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

வட்டமான வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் என்றால் இரு பக்கமும் அம்புக்குறி இருக்கும். அவை நேருக்கு நேர் வர வேண்டும். முறுக்கி உள்ளே தள்ளினால் பின் மடங்கிவிடும், நிமிர்த்துவது பெரும்பாடு.

ஒட்டுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் கன்ட்ரோலருக்குள் இருக்கிற கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சாவியை ஆனில் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள்.

ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டை மூடுகிற குழாய்) முதலிலேயே ஒயர் மேல் ஏற்றிவிடுங்கள். ஒட்டி முடித்த பிறகு ஸ்லீவ் மேஜையில் கிடப்பதைப் பார்க்காத மெக்கானிக் இருக்க முடியாது. மூன்று ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் ஒவ்வொன்றையும் ஒரு விரல் அகலம் தள்ளித் தள்ளி வெட்டுங்கள். ஒரு ஸ்லீவ் நழுவினாலும் பக்கத்து ஒட்டைத் தொடாது. ஈயம் வைக்காமல் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். ஓடும் வண்டியின் அதிர்வுக்கு அது தாங்காது. எது தாங்காவிட்டாலும் கருப்பு ஒயர் தாங்க வேண்டும்.

ஏன் கருப்பு ஒயரை மட்டும் அப்படிச் சொல்கிறீர்கள்?

சிவப்பு அறுந்தால் சிக்னல் இல்லை, வண்டி நின்றுவிடும். சிக்னல் ஒயர் அறுந்தாலும் நின்றுவிடும். கருப்பு அறுந்தால் நிலைமை தலைகீழ். கிரவுண்ட் இல்லாத சென்சாரின் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். கன்ட்ரோலரோ நீங்கள் முழுக்க முறுக்கியிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளும். கையை எடுத்தாலும் வண்டி ஓடும்.

இதைக் கண்டுபிடித்து நிறுத்துகிற கன்ட்ரோலர்களும் இருக்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று தெரியாதவரை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு ஒட்டை முதலில் போடுங்கள், இழுத்துப் பாருங்கள். பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருந்தால், சக்கரத்தைக் காற்றில் சுற்றவிட்டு லீவரைப் பிடித்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பலர் அந்தக் கனெக்டரைக் கழற்றியே போட்டிருப்பார்கள். தயவுசெய்து மாட்டிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுகிற வண்டி என்றால் அந்தச் சுவிட்ச் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

முறுக்குகிற வகையா, கட்டைவிரலால் அழுத்துகிற வகையா?

ஒயரிங் இரண்டுக்கும் ஒன்றுதான். எனக்குப் பிடித்தது கட்டைவிரல் வகை. வண்டியைத் தள்ளிக்கொண்டு படியேற்றும்போது கை தானாக முறுக்கி வண்டி பாய்வது முறுக்கு வகையில் நடக்கும், இதில் பெரும்பாலும் நடக்காது. நீண்ட தூரம் போனால் விரல் வலிக்கும் என்பது உண்மைதான்.

புதியது மாட்டியாகிவிட்டது. ஆனால் வண்டி தானாக ஊர்கிறது, அல்லது முன்பிருந்த வேகம் இல்லை. ஏன்?

ஊர்கிறது என்றால் கை வைக்காத நிலையில் சிக்னல் 1 வோல்ட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடி முழுக்கத் திரும்பி வராமல் பக்கத்து ரப்பர் கிரிப்பில் உரசிக்கொண்டிருப்பதுதான் பல நேரம் காரணம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மில்லி மீட்டர் இடைவெளி விட்டு ஆலன் கீ போல்ட்டை இறுக்கினால் போதும். உரசல் இல்லாமலே 1.2, 1.3 என்று காட்டினால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வேகம் குறைவு என்றால் முழுக்க முறுக்கும்போது எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 3 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் கன்ட்ரோலர் முழு சக்தியைக் கொடுக்காது. டிஸ்பிளே உள்ள வண்டியில் அசிஸ்ட் அளவு (மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்ற எண்) 1-இல் கிடந்தாலும் இதே தோன்றும். அதை முதலில் ஏற்றிப் பாருங்கள்.

எந்த வண்டியிலும் இப்படி மாற்றலாமா?

முடியாது. பாஷ் மோட்டார் உள்ள பெடல் அசிஸ்ட் சைக்கிள்களில் த்ராட்டிலுக்கு இணைப்பே கிடையாது. பழைய வண்டிகள் சிலவற்றில் 0 முதல் 5 கிலோ ஓம் வரை மாறுகிற ரெசிஸ்டர் வகை இருக்கும். அதற்கு ஹால் த்ராட்டில் சேராது. பதிவெண் உள்ள பெரிய மின்சார ஸ்கூட்டரில் பாதுகாப்புக்காக இரட்டைச் சிக்னல் இருக்கலாம், வாரண்டியும் இருக்கும். அதைச் சர்வீஸ் சென்டரிலேயே விடுங்கள்.

த்ராட்டில் வைத்தால் லைசென்ஸ் வேண்டுமா?

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அந்த வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெடல் மிதிக்காமல் த்ராட்டிலால் மட்டும் ஓடுவதற்கு மணிக்கு 6 கி.மீ. வரைதான் பொதுவாக இடம் உண்டு. அங்கே இருக்கிற சொந்தக்காரருக்கு வாங்கி அனுப்புவதாக இருந்தால் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் தகராறு செய்கிறது. என்ன செய்யலாம்?

கனெக்டரைத் திறந்து பாருங்கள். பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். அந்த ஈரம் வழியாக 5 வோல்ட் கொஞ்சம் சிக்னலுக்குக் கசிகிறது. அதனால்தான் நனைந்தால் வண்டி ஊர்கிறது, காய்ந்ததும் ஒழுங்காகிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பிறகு ஒயர் போகிற வழியை மாற்றுங்கள். ஹேண்டில்பாரிலிருந்து வருகிற ஒயர் கனெக்டருக்கு முன்னால் ஒருமுறை கீழே தொங்கி, அப்புறம் மேலேறிப் போக வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஒயர் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுங்கள்.